டார்க் கன்வெர்ட்டரை மேம்படுத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் பட்டறை ஒன்றில் பணிபுரிகிறேன். ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு, திருப்பத்தூர் என்று பல திசைகளிலிருந்தும் வருபவர்கள், ஊர் மாறினாலும் ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். "வேற நல்ல கன்வெர்ட்டர் போட்டா சரியாயிடுமா?" என்பது அவற்றில் முதன்மையானது. எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நல்ல பணத்தைச் செலவழித்த பிறகும் பழைய கோளாறோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருப்பதால், வந்த கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதி, அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆட்டோமேட்டிக் வண்டின்னாலே உள்ளே டார்க் கன்வெர்ட்டர் இருக்கும்தானே சார்?

இல்லை. கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டிகளையும் நாம் ஆட்டோமேட்டிக் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் அவற்றுக்குள் இருக்கும் அமைப்புகள் வேறு வேறு. மாருதியின் ஏ.ஜி.எஸ். போன்ற ஏ.எம்.டி. வண்டிகளில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சை மிதிக்கும் வேலையை மோட்டார் செய்கிறது, அவ்வளவே. டி.சி.டி. வகையில் இரண்டு கிளட்ச்சுகள் உண்டு. இந்த இரண்டிலும் கன்வெர்ட்டர் கிடையாது. மின்சார வண்டிகளிலும், இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிடிலும் கிடையாது.

இன்னோவா கிரிஸ்டா டீசல் ஆட்டோமேட்டிக், ஸ்கார்ப்பியோ-என், தார், ஹாரியர் போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் கன்வெர்ட்டர் இருக்கிறது. தனித்தனிக் கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. வண்டிகளில் சிலவற்றிலும் இருக்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை உரிமையாளர் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு மற்ற விடைகளைப் படியுங்கள். ஏ.எம்.டி. வண்டி குலுங்குகிறது என்று சொல்லி கன்வெர்ட்டர் விலை கேட்டு வந்தவர்கள் பலர்.

கிளட்ச்சே இல்லாம எஞ்சின் எப்படிச் சக்கரத்தை இழுக்குது? உள்ளே என்னதான் இருக்கு?

வெளியிலிருந்து பார்த்தால் அது வெல்டிங் செய்து மூடப்பட்ட, உப்பிய இரும்பு வட்டு. உள்ளே ஆயில் நிரம்பியிருக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர், தன் இதழ்களால் ஆயிலை வெளிவிளிம்பு நோக்கி வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அந்த ஆயிலின் வேகத்தை வாங்கிக்கொண்டு சுழன்று கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டைத் திருப்புகிறது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத மின்விசிறியை வைத்தால் அதுவும் சுழலத் தொடங்கும் அல்லவா, காற்றுக்குப் பதில் இங்கே ஆயில். ஆனால் இவை இரண்டு மட்டும் இருந்தால் இழுவை பெருகாது.

பெருக்குவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேட்டர். டர்பைனைத் தள்ளிவிட்டுத் திரும்பும் ஆயில், இம்பெல்லரின் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக வந்து அதைத் தடுக்கப் பார்க்கும். ஸ்டேட்டரின் வளைந்த இதழ்கள் அந்த ஓட்டத்தைத் திருப்பி, இம்பெல்லருக்கு உதவும் திசையில் அனுப்புகின்றன. இதனால்தான் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் தரும் திருப்புவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கியர்பாக்ஸுக்குள் போகிறது. வேகம் கூடக்கூடப் பெருக்கம் குறைந்து, டர்பைன் இம்பெல்லரை ஏறக்குறைய எட்டிப் பிடித்ததும் ஸ்டேட்டர் தன் ஒருவழி கிளட்சில் தளர்ந்து சேர்ந்து சுழலும். ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் கப்பல்களுக்காக 1905-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

நான்காவது உறுப்பு லாக்-அப் கிளட்ச். சீரான வேகத்தில் போகும்போது எஞ்சினையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டிவிடும் தட்டு இது. இந்தப் பட்டியலில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எங்களிடம் வரும் குறைகளில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

"அப்கிரேடு கன்வெர்ட்டர்"னு விக்கிறாங்களே, அதுல எதை மாத்தியிருப்பாங்க?

விற்பவர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொன்னாலும் மூன்று வேறு வேலைகள் இதில் அடங்கும். லாக்-அப் தட்டின் உராய்வுப் பட்டையை அதிகச் சூடு தாங்கும் பொருளுக்கு மாற்றுவது ஒன்று. இதழ்களை உறையோடு உலோகப் பற்றாசு வைத்து இறுக்கி, தாங்கிகளை வலுவானவையாக மாற்றுவது இன்னொன்று. இந்த இரண்டும் உறுதியைக் கூட்டுபவை, வண்டியின் குணத்தை மாற்றாதவை. மூன்றாவது, விட்டத்தையோ ஸ்டேட்டர் இதழ்களின் கோணத்தையோ மாற்றி ஸ்டால் ஸ்பீடை மாற்றுவது. வண்டியின் நடத்தையே மாறிப்போவது இதில்தான்.

மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு முதல் இரண்டும் பொருள் உள்ள செலவு. மூன்றாவதை நான் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. காரணம் அடுத்த விடையில்.

ஸ்டால் ஸ்பீடு ஏத்தினா பிக்-அப் பிச்சிக்கும்னு பையன் சொல்றான். நிஜமா?

ஸ்டால் ஸ்பீடு என்பது, டர்பைன் அசையாமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்ச ஆர்.பி.எம். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளில் இது பெரும்பாலும் 1,800-க்கும் 2,500-க்கும் இடையில் இருக்கும். ஓர் எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.-க்கு மேல்தான் உயிர் பெறுகிறது என்றால், அதைச் சீக்கிரம் அந்த இடத்துக்கு ஏறவிடும் உயர் ஸ்டால் கன்வெர்ட்டர் கிளம்பும் வேகத்தைக் கூட்டும். கால் மைல் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்பவர்கள் அதனால்தான் அதை நாடுகிறார்கள்.

நம் சாலைகளில் ஓடும் டீசல் எஞ்சின்கள் 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம்.-க்குள்ளேயே முழு இழுவையையும் தந்துவிடுகின்றன. அவற்றுக்கு 3,000 ஸ்டால் கன்வெர்ட்டரைப் போட்டால், கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எஞ்சின் உறுமும், வண்டி பின்னால்தான் வரும். ஆயில் சூடு ஏறும்.

இங்கே அளவின் வலிமையைச் சொல்ல வேண்டும். கன்வெர்ட்டர் தாங்கும் திருப்புவிசை, அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு மாறுகிறது. விட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால், அதே ஆர்.பி.எம்.-இல் அது தாங்கும் விசை ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்துவிடும். 2,000 ஆக இருந்த ஸ்டால் 2,600-ஐ நெருங்கும். ஆகவே "கொஞ்சம்தான் சின்னது, பொருந்திவிடும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏலகிரி ஏறும்போது கியர்பாக்ஸ் சூடுன்னு எச்சரிக்கை வருது. கன்வெர்ட்டர் மாத்தினா நிக்குமா?

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கன்வெர்ட்டர் பூட்டப்படாமல் நழுவும்போது, எஞ்சின் தந்த ஆற்றலில் சக்கரத்துக்குப் போகாத பங்கு முழுவதும் ஆயிலுக்குள் சூடாக இறங்குகிறது. டர்பைன், இம்பெல்லரின் பாதி வேகத்தில் சுழன்று ஒன்றரை மடங்கு விசை தருகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு ஆற்றல் சூடாகிறது. வண்டி அசையாமலே நிற்க, எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.-இல் 150 நியூட்டன் மீட்டர் விசையைக் கொடுத்துக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 31 கிலோவாட் முழுவதும் ஆயிலுக்குத்தான். இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் பதினைந்தை ஒரே நேரத்தில் சில லிட்டர் ஆயிலுக்குள் அமிழ்த்தியது போல.

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டி, முதல் கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையே மாறி மாறி அலைந்து, லாக்-அப் பிடிக்க வாய்ப்பே இல்லாமல் போகிறது. கத்திரி வெயிலில் நம் ஊர்க் காற்றே நாற்பது டிகிரியைத் தாண்டிவிடுவதால், கூலர் வெளியேற்றும் சூடும் குறைந்துவிடும். எனவே முதல் மருந்து ஓட்டும் முறையில் இருக்கிறது: மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது கியரிலேயே வைத்து ஏறுங்கள். வளைவில் எதிரே பேருந்துக்காக நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி 'பி'-யில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். உடனே அணைத்துவிட்டால் ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் பம்பும் நின்றுவிடும்.

இதற்குப் பிறகும் சூடு ஏறினால், ஆயிலை மாற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் ஒன்றைப் பொருத்துங்கள். ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும்வரை கவலை இல்லை, 120-ஐத் தொட்டால் அது விரைவாகக் கெடத் தொடங்கும். பெரும்பாலான வண்டிகளின் முகப்பில் இந்த எண் தெரியாது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி மலையேறிப் பார்த்தால்தான் தெரியும். அந்த எண்ணைப் பார்க்காமல் கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

70-ல போகும்போது வண்டி லேசா உதறுது. ரோட்டில் கோடு போட்ட மேடு மேல ஓடற மாதிரி இருக்கு. இது என்ன?

நீங்கள் சொல்லும் விதமே பாதி விடை. வாலாஜாவிலிருந்து காஞ்சிபுரம் பக்கம் போகும் நெடுஞ்சாலையில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்துச் சீரான வேகத்தில் போகையில் இரண்டு மூன்று வினாடிகளுக்கு வரும் இந்த நடுக்கம், லாக்-அப் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு அலைவதன் அடையாளம். நடுக்கம் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் கணினி லாக்-அப்பை விடுவிக்கும், ஆர்.பி.எம். சற்று ஏறி நடுக்கம் அந்தக் கணமே நின்றால் சந்தேகம் உறுதியாகிறது. இதைப் பின்னால் வண்டி இல்லாத சாலையில், இதில் பழக்கம் உள்ள ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும்.

உறுதியானாலும் உடனே கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. ஆயிலில் உள்ள உராய்வைச் சீராக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோனாலும் இதே நடுக்கம் வரும். தயாரிப்பாளர் குறித்த அதே தரத்து ஆயிலைப் புதிதாக ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் படி. பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: சிவப்போ பழுப்போ பரவினால் நம்பிக்கை உண்டு. கறுத்து, கருகிய வாடையோடு, பொடிப்பொடியாக ஏதாவது தங்கினால் பட்டை உதிரத் தொடங்கிவிட்டது. அப்போது கன்வெர்ட்டர்தான் வழி.

டிரெய்ன் பண்ணினப்போ ஆயில் ரோஸ் மில்க் மாதிரி வந்துச்சு. பயப்படணுமா?

ஆம், இது அவசரம். பல வண்டிகளில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது ஓட்டையானால் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் லாக்-அப் பட்டையையும் மற்ற கிளட்ச் தட்டுகளையும் ஒட்டியிருக்கும் பசையைக் கரைப்பதால், வண்டி இன்று ஓடினாலும் சில வாரங்களில் பட்டைகள் உரிந்து வரும். வண்டியை ஓட்டாமல் இழுத்து வாருங்கள்.

நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. பாலாற்றுப் படுகையில், குறிப்பாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கங்களில், தோல் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்ததால் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. வீட்டு போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் அந்த மெல்லிய கூலரை உள்ளிருந்தே அரிக்கிறது. கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் மட்டும் பயன்படுத்துங்கள். ரேடியேட்டரை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

எங்க ஊர் லேத் பட்டறையில கன்வெர்ட்டரை வெட்டி, சரி பண்ணி, திரும்ப வெல்டிங் வெச்சுத் தர்றேன்றார். குடுக்கலாமா?

நம் மாவட்ட லேத் தொழிலாளர்களின் கைத்திறன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. வெட்டுவதிலோ வெல்டிங்கிலோ அவர்களுக்குச் சிரமம் இருக்காது. அதற்குப் பிறகு வருபவைதான் சிக்கல்: கியர்பாக்ஸ் பம்புக்குள் நுழையும் கழுத்தான ஹப் மையத்திலிருந்து விலகாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது, உள் இடைவெளியை அளப்பது, காற்று அடைத்துக் கசிவு பார்ப்பது, சுழற்றிச் சமன் செய்வது. ஹப்பின் விலகல் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே பம்பின் புஷ்ஷும் ஆயில் சீலும் தேயத் தொடங்கும்.

"சமன் செய்யும் இயந்திரம் இருக்கிறதா, உராய்வுப் பட்டையை ஒட்டுவதற்கான சூடேற்றும் அச்சு இருக்கிறதா" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் கொடுக்கலாம். இல்லையென்றால், இதற்கென்றே தனிக்கூடம் வைத்திருக்கும் மறுசீரமைப்பாளரிடம் அனுப்புவதே நல்லது.

காயலாங்கடையில விபத்து வண்டியோட கன்வெர்ட்டர் பாதி விலைக்குக் கிடைக்குது.

வாங்க வேண்டாம். வெல்டிங் செய்து மூடிய பொருளின் உட்புறத்தை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே பழைய வண்டியின் உலோகத் துகள் இருந்தால், அது கியர் மாற்றும் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் வால்வு பாடிக்குள் போகும்.

மாத்தும்போது நான் பக்கத்துல நிக்கறேன். எதைக் கவனிக்கணும்?

ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்பது. கியர்பாக்ஸ் தரையிலோ ஜாக்கியிலோ இருக்கும்போது, கன்வெர்ட்டரை இரு கைகளாலும் ஏந்தி, உள்ளே தள்ளியபடியே மெதுவாகத் திருப்ப வேண்டும். முதலில் டர்பைனின் பற்கள் இன்புட் ஷாஃப்ட்டில் ஏறும். 'டக்' என்று ஒரு சிறு இறக்கம். இன்னும் திருப்பினால் ஸ்டேட்டரின் பற்கள் ஏறி இரண்டாவது இறக்கம். கடைசியில் ஹப்பின் வெட்டுகள் பம்பின் காதுகளில் பொருந்தும்போது மூன்றாவது. மூன்றாவது வராவிட்டாலும் கன்வெர்ட்டர் பார்வைக்கு உள்ளே போய்விட்டது போலவே தெரியும், அங்கேதான் ஆபத்து.

நான் வேலை பழகிய முதல் ஆண்டில் இரண்டு இறக்கங்களோடு நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்து போல்ட்டுகளை முறுக்கினேன். கடைசி ஒரு விரற்கடை சேரவில்லை, ஸ்பேனரின் பலத்தால் சேர்த்துவிட்டேன். எஞ்சினை ஓட்டிய கணத்தில் ஒரு கீச்சொலி. பம்பின் காதுகள் இரண்டும் உடைந்து, மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரும்பு அளவுகோலைக் கியர்பாக்ஸின் வாய்க்குக் குறுக்கே வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து கையேட்டோடு ஒப்பிடாமல் நான் தூக்குவதில்லை. எஞ்சினோடு சேர்த்த பிறகும் கன்வெர்ட்டர், எஞ்சின் பக்கத்துத் தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டை ஒட்டாமல், பொதுவாக மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியோடு, கையால் எளிதாகத் திரும்ப வேண்டும். திரும்புகிறதா என்று நீங்களே கேளுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புது கன்வெர்ட்டர் போட்டா மைலேஜ் ஏறுமா, குறையுமா?

தேய்ந்த லாக்-அப்பை மாற்றினால், இழந்திருந்த மைலேஜ் திரும்பும். அதற்கு மேல் ஏறாது. ஸ்டால் ஸ்பீடைக் கூட்டினால், மேலே சொன்ன நழுவல் காரணமாக நகரத்துக்குள் குறையும்.

நான் எஞ்சினை ரீமேப் பண்ணியிருக்கேன். பழைய கன்வெர்ட்டர் தாங்குமா?

பலரும் கவனிக்காத இடம் இது. ரீமேப் என்பது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி விசையைக் கூட்டுவது. ஸ்டால் ஸ்பீடு என்பது கன்வெர்ட்டர் மீது பொறித்துவைத்த எண் அன்று. எஞ்சினின் விசை கூடினால் அதுவும் கூடும். 300 நியூட்டன் மீட்டரை 360 ஆக்கினால், அதே கன்வெர்ட்டரின் ஸ்டால் 2,000-லிருந்து ஏறத்தாழ 2,190-க்குப் போகும். இதழ்களுக்கு இது பெரிய பாரம் இல்லை. லாக்-அப் தட்டுக்குத்தான் பாரம், ஏனெனில் அது 300-க்கு அளந்து செய்யப்பட்டது. ரீமேப் செய்த வண்டிக்கு, ஸ்டால் மாறாமல் லாக்-அப்பை மட்டும் வலுப்படுத்திய கன்வெர்ட்டரை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். அதோடு தனிக் கூலரும் தேவை. கியர்பாக்ஸின் மற்ற கிளட்ச் தட்டுகளும் அதே 300-க்கு அளந்தவைதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாரண்டி, இன்சூரன்ஸ், ஆர்.டி.ஓ. இதுல பிரச்சினை வருமா?

வாரண்டி காலத்துக்குள் இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். நடுக்கம் இருந்தால் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் எழுத்துமூலம் பதியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கன்வெர்ட்டர் அந்த விவரங்களில் இடம்பெறுவதில்லை. என்றாலும் வண்டியின் செயல்திறனை மாற்றும் எந்த வேலையையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

வீட்டு வாசல்லயே ஸ்டால் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். பிரேக்கை அழுத்தி, 'டி'-யில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும் சோதனை இது. ஐந்து வினாடிக்கு மேல் போகக்கூடாது, அடுத்த முறைக்கு முன் 'என்'-இல் சில நிமிடம் ஆறவிட வேண்டும். 31 கிலோவாட் கணக்கை மேலே பார்த்தீர்கள். பிரேக் நழுவினால் எதிரே நிற்பவருக்கு ஆபத்து. மேலும் இன்றைய வண்டிகள் பலவற்றில், பிரேக் மிதித்திருக்கும்போது கணினியே எஞ்சின் விசையைக் குறைத்துவிடுவதால் கிடைக்கும் எண்ணும் சரியாக இருக்காது.

எல்லாம் மாத்தியாச்சு, புது கன்வெர்ட்டர், புது ஆயில். ஆனா இன்னும் உதறுதே சார்?

முதலில், கணினி பழைய தேய்ந்த தட்டுக்கு ஏற்பக் கற்றுவைத்திருந்த அளவுகளை ஸ்கேனரால் அழித்துப் புதிதாகக் கற்கவிட்டார்களா என்று கேளுங்கள். பழைய அளவுகளோடு புதிய தட்டைப் பிடித்தால் சில நாட்கள் முரட்டுத்தனம் இருக்கும். அடுத்து ஆயில் அளவு. புதிய கன்வெர்ட்டர் காலியாக வருவதால், கீழே வடித்த அளவை மட்டும் திரும்ப ஊற்றினால் குறைவாகவே இருக்கும். கையேடு சொல்லும் வெப்பநிலைக்கு ஆயில் வந்த பிறகு, எஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் சரி என்றால், கியர்பாக்ஸை விட்டு எஞ்சினைப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் ஓர் இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலை செய்தாலும், டீசலில் ஓர் இன்ஜெக்டர் தடுமாறினாலும், எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தாலும் லாக்-அப் பிடிக்கும் நேரத்தில்தான் அந்த அதிர்வு தெரியும், ஏனெனில் அதுவரை ஆயில் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேனரில் எஞ்சின் ஆர்.பி.எம்.-மையும் டர்பைன் ஆர்.பி.எம்.-மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உதறும் நேரத்தில் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே நின்றும் வண்டி உதறினால் உங்கள் கன்வெர்ட்டர் நன்றாகப் பிடித்திருக்கிறது. காயிலையும் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.